கல்லணை என்று சொன்னது நான்தான்

எங்கள் தேயிலைத் தோட்டத்து ஒன்றுகூடல் மலரில் என்னைப் பற்றி ஒரு பக்கம் போட வேண்டும் என்று கேட்டு வந்தார்கள். படமும் பிறந்த தேதியும் கொடுத்தால் போதும், மீதியை நாங்களே எழுதிக்கொள்கிறோம் என்றார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. எனக்கு வேண்டியதை எல்லாம் நானே அடுக்கிப் பழகியவன். என் கதையை மட்டும் இன்னொருவர் எதற்கு அடுக்க வேண்டும்? ஒரு பக்கம் பத்தாது என்பதையும் அப்போதே சொல்லிவிட்டேன்.

பெயர் நல்லுசாமி. வயது எழுபத்திரண்டு. மலேசியாவில், எங்கள் கேமரன் மலையில், பிரிஞ்சாங்கிலிருந்து கம்போங் ராஜா வரைக்கும் எந்தக் காய்கறித் தோட்டத்தில் வேண்டுமானாலும் வண்டியை நிறுத்தி 'அணைக்கார நல்லு' யார் என்று கேட்டுப் பாருங்கள். தோட்ட முதலாளியான சீனத் தவுக்கேயும் சொல்வார், போன மாதம் வேலைக்கு வந்த வங்காளதேசத்து ஆளும் சொல்வார். மலைச்சரிவில் மண் இறங்காமல் இருக்கக் கல்லை அடுக்கிச் சுவர் எழுப்புவது என் தொழில். சிமெண்டு கிடையாது, கம்பி கிடையாது. கல்லும் கையும் கண்ணும்தான். இதுவரை எழுபத்தொரு சுவர் கட்டியிருக்கிறேன். எழுபது நிற்கிறது. சரிந்த ஒன்றும் என் சொல்லைக் கேட்காமல் அதன் தலையில் தண்ணீர்த் தொட்டி வைத்தவனால் சரிந்தது. அதை என் கணக்கில் சேர்க்கக் கூடாது.

படிப்பு, தோட்டத்துப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. அப்பா இறந்ததும் நின்றுவிட்டேன். ஆனால் தினமும் பேப்பர் படிப்பவன். மெதுவாகப் படிப்பேன். அதனால்தான் மற்றவர்கள் கண்ணில் படாதது என் கண்ணில் படும். இந்தக் கதையும் அப்படிப் பட்ட ஒரு சொல்லில்தான் ஆரம்பிக்கிறது.

போன வருடம் மார்ச் மாதம், தானா ராத்தா ஆஸ்பத்திரியில் சர்க்கரை மருந்து வாங்கும் இடத்தில் நம்பர்த் துண்டோடு உட்கார்ந்திருந்தேன். பக்கத்து நாற்காலியில் ஜெகதீஸ்வரன். எங்கள் தோட்டத்துப் பெரிய கிராணியின் மகன். நான் கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில் வளர்ந்தேன், அவன் கிராணி வீட்டில் வளர்ந்தான். அப்பா தோட்டத்து ஆபீசில் பேரேடு எழுதினார். மகன் அரசாங்க ஆபீசில் கோப்பு எழுதி ஓய்வு பெற்றான். சின்ன வயதிலிருந்தே அவனை நாங்கள் சின்னக் கிராணி என்றுதான் கூப்பிடுவோம். அன்றைக்கு அவன் கைப்பேசியை மூக்கருகில் வைத்துக்கொண்டு ஒற்றை விரலால் எதையோ தட்டிக்கொண்டிருந்தான்.

"என்னா சின்னக் கிராணி, ரிட்டயர் ஆயியும் லெட்டர் நிக்கலயா?"

"லெட்டர் இல்லலா. கட்டுரை. இண்டர்நெட்டுல தமிழ்க் கலைக்களஞ்சியம் இருக்குல்ல, அதுல எழுதிக்கிட்டு இருக்கேன். யாரு வேணும்னாலும் எழுதலாம், யாரு வேணும்னாலும் திருத்தலாம்."

"எதப்பத்தி?"

"இன்கா ஆளுங்க. ஐந்நூறு, அறுநூறு வருசத்துக்கு முன்னால பெரு நாட்டு மலையில இருந்தவங்க. அவங்க கட்டுன ஓர் இடம். பேரு மொராய்."

"நீ போய்ப் பாத்தியா?"

"ஈப்போவத் தாண்டி நான் எங்கலா போனேன்? படிச்சு எழுதுறதுதான்."

இவ்வளவுதானா என்று அவன் கைப்பேசியை எட்டிப் பார்த்தேன். பார்த்தவன் எழுந்து நின்றுவிட்டேன். என் நம்பரைக் கூப்பிட்டது காதில் விழவில்லை. அதற்கப்புறம் இன்னொரு துண்டு எடுத்து இன்னொரு மணி நேரம் உட்கார்ந்தேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

மலைக்கு நடுவே ஒரு பெரிய பள்ளம். பள்ளத்தைச் சுற்றி வட்டத்துக்குள் வட்டமாகப் படி இறங்குகிறது. ஒவ்வொரு படியும் ஓர் ஆள் உயரம். ஒவ்வொன்றையும் தாங்கிக் கல்சுவர். மேலே நிற்கும் ஆட்கள் எறும்பு மாதிரி தெரிகிறார்கள். சுவரிலிருந்து ஒன்றுக்கு மேல் ஒன்றாகக் கல் நீட்டிக்கொண்டிருக்கிறது; அதில் கால் வைத்துத்தான் ஒரு தட்டிலிருந்து அடுத்த தட்டுக்கு ஏற வேண்டும். அது எனக்குத் தெரியும். ஏனென்றால் என் சுவரிலும் அப்படித்தான் நீட்டி வைப்பேன். எவரும் சொல்லித் தரவில்லை. ஏணி தூக்கிக்கொண்டு அலைய முடியாமல் நானாகக் கண்டுபிடித்தது. எனக்கு முன்னால் பெரு நாட்டில் ஒருவன் கண்டுபிடித்திருக்கிறான், அவனும் கெட்டிக்காரன்தான்.

படத்துக்குக் கீழே இருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தேன். 'இன்கா மக்கள் வட்ட வடிவமான மொட்டை மாடிகளில் பயிர் செய்தனர்' என்று இருந்தது.

"டேய், மொட்டை மாடியா?"

"இங்கிலீசுல 'டெரஸ்'னு இருந்தத மெஷின்ல போட்டுத் தமிழாக்கி எடுத்தேன். அப்படித்தான் வந்துச்சு. எனக்கும் ஒரு மாதிரியாத்தான் இருந்துச்சு."

"ஒரு மாதிரியா இருந்தா விட்டுடுவியா? மொட்டை மாடில வத்தல்தான்லா காயப் போடுவாங்க. உருளைக்கிழங்கா போடுவாங்க?"

மருந்து வாங்க வந்தவர்கள் எல்லாம் திரும்பிப் பார்த்தார்கள். ஜெகதீஸ்வரனின் காது சிவந்துவிட்டது. "அப்ப நீயே சொல்லு, இத என்னன்னு போடுறது?" என்றான்.

"நம்ம தோட்டத்துல என்னா சொல்லுவோம்? கல்லணை. கல்லணை கட்டிப் பயிர் செய்தனர்னு போடு."

அவனும் அந்தத் தோட்டத்தில் பிறந்தவன்தானே. தலையை ஆட்டிக்கொண்டு அங்கேயே மாற்றினான். எங்கள் இரண்டு பேரையும் வம்பில் மாட்டிவிடப் போகும் சொல் அதுதான் என்று அப்போது தெரியவில்லை.

நான் அதோடு விடவில்லை. "சுத்தி மலை, நடுவுல பள்ளம். மழை பேஞ்சா அடியில தண்ணி எங்கலா போகுது?" என்று கேட்டேன்.

"அது எழுதல."

"அதான முக்கியம்! சுவத்தத் தள்ளுறது மண்ணு இல்ல, தண்ணி. தண்ணிக்கு வழி விட்டவன் சுவரு நிக்கும். விடாதவன் சுவரு படுத்துரும். இத எழுதாம நீ என்னா கட்டுரை எழுதுற?"

ஜெகதீஸ்வரன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான். "நீ சொல்றது சரியா இருக்கலாம். ஆனா அங்க எழுதணும்னா சான்று வேணும். அச்சுல வந்திருக்கணும்."

"நான் கட்டுனது எழுபது நிக்குதே, அது சான்று இல்லையா?"

"அதக் கொண்டாந்து கட்டுரைக்குக் கீழ ஒட்ட முடியாதுலா."

அடுத்த வாரத்திலிருந்து ஒவ்வொரு புதன்கிழமையும் காலையில் அவன் என் வீட்டுக்கு வந்தான். நான் கேள்வி கேட்பேன், அவன் இங்கிலீசில் தேடுவான். சுவர் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது? சுவரின் முதுகில் என்ன போட்டு நிரப்பியிருக்கிறான்? மேல்மண் எத்தனை அடி? என் மனைவி செல்லம் முப்பது வருடம் கொழுந்து எடுத்தவள். தேநீரை வைத்துவிட்டு, "லயத்துல இருந்தப்ப ரெண்டு பேரும் மூஞ்சக் கொடுத்துப் பேசிக்கல. இப்ப எந்த நாட்டுக்காரன் சுவத்துக்கோ சம்பந்தி ஆயிட்டீங்க" என்று சிரிப்பாள்.

எனக்கும் கலைக்களஞ்சியத்தில் ஒரு கணக்குத் திறந்து கொடுத்தான். 'நல்லுசாமி பிரிஞ்சாங்' என்று என் முழுப் பெயரையே வைக்கச் சொன்னேன். அவன் போனதும், நானே உட்கார்ந்து முதல் வரியை எழுதினேன். 'இதே போன்ற சுவர்களைக் கேமரன் மலையில் நல்லுசாமி என்பவர் கட்டியுள்ளார், எழுபது இன்றும் நிற்கின்றன.' அந்த வரியை அடிக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. செல்லம் ஒரு தேநீர் ஆற்றிக் கொடுப்பதற்குள் யாரோ அழித்துவிட்டான். 'தற்புகழ்ச்சி, சான்று இல்லை' என்று காரணம் வேறு போட்டிருந்தான். தற்புகழ்ச்சி என்பதை ஒப்புக்கொள்கிறேன். பொய் என்று அவனால் போட முடியவில்லை, கவனித்தீர்களா?

ஏப்ரல் கடைசியில் ஜெகதீஸ்வரன் வாசலிலிருந்தே கையைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதே இன்கா ஆட்கள் இன்னொரு மலையில் கட்டிய தட்டுகளைப் பொறியாளர்கள் தோண்டிப் பார்த்து எழுதிய அறிக்கை அவனுக்குக் கிடைத்துவிட்டது. அடியில் பெரிய கல், அதன்மேல் சரளை, அதன்மேல் மணல், கடைசியில் மண். மார்ச் மாதம் நான் ஒரு காகிதத்தில் கோடு போட்டுக் கொடுத்த வரிசை! ஓர் அடுக்குகூட மாறவில்லை. மொராயைப் பற்றியும் ஒன்று கிடைத்தது. எவ்வளவு மழை பெய்தாலும் அந்தப் பள்ளத்தின் அடித்தட்டு முழுதாக மூழ்குவதில்லையாம். அடியில் தண்ணீர் வடிய வழி இருக்க வேண்டும் என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்களாம். நான் கருதவில்லை, பார்த்ததும் சொன்னேன். பரவாயில்லை, அவர்கள் படித்தவர்கள், நிதானமாகத்தான் வருவார்கள்.

இதையெல்லாம், நான் சொன்னதை என் கணக்கிலும் மற்றதை அவன் கணக்கிலுமாக, சேர்த்து எழுதியதும் கட்டுரை இரண்டு பங்கு பெரிதானது. கலைக்களஞ்சியத்தின் முதற்பக்கத்தில் வாரம் ஒரு நல்ல கட்டுரையைக் காட்டுவார்கள். மே மாதம் இரண்டாவது ஞாயிறு மொராய் என்று முடிவானது. ஜெகதீஸ்வரனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியும். முப்பத்தைந்து வருடம் மற்றவர்கள் கையெழுத்துப் போட எழுதிக் கொடுத்தவன். அவன் எழுதியது அவன் எழுதியதாகவே நாலு பேர் கண்ணில் படப்போவது அதுதான் முதல் தடவை.

அங்கேதான் கல்லணை உருண்டது.

ஜெகதீஸ்வரனுக்கு ஒரு பழக்கம். முக்கியமான சொல்லை எல்லாம் நீல எழுத்தாக்குவான். நீல எழுத்தைத் தொட்டால் அந்தச் சொல்லைப் பற்றிய கட்டுரை திறக்கும். கல்லணை என்பதையும் நீலமாக்கியிருந்தான். தொட்டால் என்ன திறக்கும்? உங்களுக்கு இப்போதே சிரிப்பு வந்திருக்கும். தமிழ்நாட்டில் காவிரிக்குக் குறுக்கே கரிகாலன் கட்டிய கல்லணை! எங்கள் தோட்டத்தில் மண்ணைத் தாங்கும் சுவருக்குப் பெயர் கல்லணை. உலகத்தில் மற்றத் தமிழர்களுக்கெல்லாம் அது ஆற்றை மறிக்கும் அணைக்கட்டு. இது அவனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

தோன்றியது ஒருவனுக்கு. 'ஆதிகுடி' என்று பெயர் வைத்துக்கொண்டவன். எந்த ஊரோ தெரியாது. அவன் அந்த நீல எழுத்தைப் பிடித்துக்கொண்டு கட்டுரையின் தலையிலேயே எழுதிவிட்டான்: 'மொராயைக் கட்டியவர்கள் கடல் கடந்து சென்ற தமிழர்களே. அங்கே கல்லணை இருப்பதே அதற்குச் சான்று.'

உண்மையைச் சொல்ல வேண்டும். அதைப் படித்ததும் என் நெஞ்சு இரண்டு அங்குலம் விரிந்தது. அன்றைக்குப் பிரிஞ்சாங் சந்தையில் கண்ட ஆட்களிடம் எல்லாம் சொன்னேன். பூ வியாபாரம் பண்ணும் பிரேமலாவிடம், "நம்ம ஆளுங்க கட்டுனதாம்லா. பாத்தவுடனே எனக்குக் கை ஊறுச்சு, ஏன்னு இப்பத்தான தெரியுது" என்றேன். அவள், "அப்ப அடுத்த தேர்தலுக்கு பெரு நாட்டுல நில்லுங்க மாமா" என்றாள். சிரித்துக்கொண்டே வண்டியை எடுத்தேன்.

வரும் வழியில் எங்கள் பழைய தோட்டத்துச் சாலை. தொழிற்சாலைக்குக் கீழே, வளைவில், ஒரு சுவர் நிற்கும். நூற்றிருபது அடி நீளம், ஒன்பது அடி உயரம். என் முதல் சுவர். 1976இல் அந்த இடத்தில் சாலை பாதி சரிந்தது. லாரி போக முடியாமல் கொழுந்து கறுத்துப்போனது. நாங்கள் நாலு பேர் ஐம்பத்திரண்டு நாள் மழையில் நின்று கட்டினோம். கட்டி முடித்ததும் நடுவில் ஒரு பளிங்குப் பலகை பதித்தார்கள். 'கட்டியவர்' என்று இங்கிலீசில் போட்டு, அதன் கீழே தோட்டத்தை நடத்திய துரையின் பெயர். துரை அந்த ஐம்பத்திரண்டு நாளில் இரண்டு தடவை வந்தார். இரண்டு தடவையும் ஜீப்பை விட்டு இறங்கவில்லை. பலகைக்கு வாசகம் எழுதிக் கொடுத்தது பெரிய கிராணி. எனக்கு அப்போது இருபத்துநாலு வயது. ஆபீசுக்குப் போய், "எங்க பேரும் போடலாமே ஐயா" என்று கேட்டேன். "கூலிக்காரன் பேரெல்லாம் போட்டா கல்லு பத்தாதுடா" என்றார். உள்ளே பேரேடு அடுக்கிக்கொண்டிருந்த ஜெகதீஸ்வரன் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டான். அடுத்த மாதமே நான் தோட்டத்தை விட்டு வெளியே வந்தேன். இன்றைக்கு இருக்கும் வீடு, இரண்டு லாரி, மூன்று ஏக்கர் பூத்தோட்டம், எல்லாம் அந்தப் பலகை கொடுத்த கோபத்தில் வந்தவை.

அன்றைக்கு வண்டியை நிறுத்தி அந்தப் பலகையைப் பார்த்தேன். சந்தையில் விரிந்த நெஞ்சு சுருங்கிப்போனது. பெரு நாட்டில் எவனோ ஒருவன் கல்லைத் தூக்கி, முதுகு ஒடிந்து, வட்டம் பிசகாமல் அடுக்கினான். அவன் சுவரில் நான் என் ஆட்களின் பலகையைப் பதிக்கிறேனே. அப்படியானால் நான் யார்? ஜீப்பில் உட்கார்ந்திருக்கும் துரைதானே?

நேராக ஜெகதீஸ்வரன் வீட்டுக்குப் போனேன். அவன் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முதற்பக்கத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பாளர், தமிழர்கள் கட்டினார்கள் என்பதற்கு வெள்ளிக்கிழமைக்குள் சான்று காட்டுங்கள், இல்லாவிட்டால் ஞாயிற்றுக்கிழமைக்கு வேறு கட்டுரை என்று எழுதியிருந்தார். ஜெகதீஸ்வரன் அந்த வரியை இரண்டு தடவை எடுத்தான். ஆதிகுடி இரண்டு தடவையும் திரும்பப் போட்டுவிட்டான். அன்று புதன்.

"ஒரு வழி இருக்கு" என்றான். "தமிழர்கள் கட்டியிருக்கலாம் என்றும் ஒரு கருத்து உண்டு. இப்படி மாத்திட்டா ரெண்டு பக்கமும் பேசாம போயிரும்."

"கருத்து உண்டா? யாருக்கு உண்டு? எனக்கு இருக்கா, உனக்கு இருக்கா?"

"தமிழனுக்குப் பெருமதான நல்லு. ஞாயித்துக்கிழம வரைக்கும் நிக்கட்டும், அப்பறமா எடுத்துக்கலாம்."

"கட்டுனவன் ஒருத்தன், பேரு ஒருத்தனுக்கா? உங்கப்பா எழுதிக் கொடுத்த மாதிரியே நீயும் எழுதப் போறியா?"

சொல்லியிருக்கக் கூடாது என்று இன்றைக்கும் நினைக்கவில்லை. ஆனால் அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "அன்னைக்கு நான் ஆபீசுக்குள்ளதான் இருந்தேன்" என்றான்.

"தெரியும்."

"அப்பாகிட்ட ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். சொல்லல."

"இப்ப சொல்லுலா" என்றேன். "நான் சொல்றேன், நீ அடி."

ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் அதைப் பற்றிப் பேசிக்கொள்ள ஓர் உரையாடல் பக்கம் உண்டு. அதில் என் பெயரில் எழுதச் சொன்னேன். அவன் அங்கங்கே இலக்கணமாக மாற்றப் பார்த்தான். நான் விடவில்லை. எழுதியது இதுதான்:

'கல்லணை என்று சொன்னது நான்தான். மலேசியாவில் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மண் சரியாமல் அடுக்கும் கல்சுவருக்கு அதுதான் பெயர். காவிரிக்கும் இதற்கும் சம்பந்தம் கிடையாது. நான் ஐம்பது வருடம் சுவர் கட்டியவன், தமிழன். என் சுவரில் வேறு ஒருவர் பெயரைப் பதித்தார்கள். அது எப்படி வலிக்கும் என்று எனக்குத் தெரியும். மொராயைக் கட்டியவர்கள் இன்கா மக்கள். அவர்கள் பெயரை எடுக்காதீர்கள். நமக்குப் பெருமை வேண்டுமானால் நாம் ஒரு சுவர் கட்டுவோம்.'

கட்டுரையில் கல்லணை என்று இருந்த இடத்தில் எல்லாம் 'கல் அடுக்குச் சுவர்' என்று மாற்றினோம். என் சொல் போனதில் எனக்கு வருத்தம்தான். நல்ல சொல். ஆனால் அதற்கு வேறு இடத்தில் ஏற்கெனவே ஆள் இருந்தால் என்ன செய்வது?

ஆதிகுடியிடம் இருந்த ஒரே சான்று அந்தச் சொல். சொன்னவனே வந்து நின்றதும் அவன் கையில் ஒன்றும் இல்லாமல் போனது. வியாழக்கிழமை மத்தியானம் அவனும் உரையாடல் பக்கத்தில் ஒரு வரி எழுதினான்: 'ஐயா, உங்கள் சுவரின் படம் இருந்தால் போடுங்கள்.' அதற்கப்புறம் அந்த வரியைத் திரும்பப் போடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மொராய் முதற்பக்கத்தில் வந்தது. ஜெகதீஸ்வரன் சட்டை மாற்றி, திருநீறு பூசி, கல்யாணத்துக்கு வருவதுபோல் என் வீட்டுக்கு வந்தான். செல்லம் கேசரி கிண்டினாள். 'தண்ணீர் எங்கே போகிறது' என்று ஒரு தனிப் பகுதியே கட்டுரையில் இருக்கிறது. தலைப்பு நான் கேட்ட கேள்வி அப்படியே. படித்துப் பார்த்துவிட்டு, "எங்க பேரு இல்லையேலா" என்றேன், பழைய வழக்கமாக.

"இங்க வா" என்று கட்டுரையின் மேலே 'வரலாறு' என்ற இடத்தைத் தொட்டுக் காட்டினான். யார், எந்தத் தேதியில், எந்த எழுத்தை வைத்தார்கள், எதை எடுத்தார்கள் என்று ஒவ்வொரு வரியாக இருக்கிறது. ஒரு புள்ளி வைத்தவன் பெயர்கூட இருக்கிறது. நடுவில் என் பெயர், பதினொரு தடவை. துரை பெயர் எங்கும் இல்லை. கல்லுக்குக் கல் ஆள் பெயர் எழுதி வைத்திருக்கும் சுவரை நான் அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

ஜெகதீஸ்வரன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தான். "அந்த எழுபத்தாறாம் வருசத்துச் சுவரு. நாலு பேருன்னியே, யாரு யாரு?"

சொன்னேன். எழுதிக்கொண்டான். கலைக்களஞ்சியத்தில் போடுவாயா என்று கேட்டேன். "சான்று வேணும்லா. அச்சுல வரணும்" என்று சிரித்தான்.

அதனால்தான் இந்த மலருக்கு நானே எழுதினேன். எங்கள் தோட்டத்துத் தொழிற்சாலைக்குக் கீழே, வளைவில் நிற்கும் சுவரை 1976இல் கட்டியவர்கள்: நல்லுசாமி, காளிமுத்து, சின்னையா, தர்மா. தன் பெயரைக் கடைசியில் போடுவதுதான் மரியாதை என்று செல்லம் சொன்னாள். மூலைக்கல் வைத்தது நான், முதலில்தான் வரும். மற்ற மூன்று பேரும் இப்போது இல்லை. பிள்ளைகள் கிள்ளானிலும் ஈப்போவிலும் இருக்கிறார்கள். மலர் அவர்களுக்கும் போய்ச் சேர வேண்டும்.

ஜெகதீஸ்வரன் இரண்டு பிரதி கேட்டிருக்கிறான். ஒன்று படிக்க, ஒன்று சான்றுக்கு.